திராட்சைக்கு வந்த ஜப்தி

ஓய்வு பெற்ற வாத்தியாரிடம் பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம் என்று கேட்பார்கள். ஓய்வு பெற்ற கம்பவுண்டரிடம் சளிக்கு மருந்து கேட்பார்கள். கோர்ட் அமீனாவாக இருந்து ஓய்வு பெற்ற என்னிடம் ஊரில் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "தெரிஞ்ச ஆளு ஒருத்தரு பணம் கேக்குறாரு. கொடுக்கலாமா அமீனாய்யா?"

நானும் திருப்பி ஒரு கேள்விதான் கேட்பேன். "பின்னால ஒரு நாள் என்னைய மாதிரி ஒருத்தனக் கூட்டிக்கிட்டு அவரு வீட்டு வாசல்ல போயி நிக்க முடியுமா உங்களால?" பெரும்பாலோர் வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

அமீனா என்பவன் கோர்ட்டு போட்ட ஜப்தி உத்தரவை நிறைவேற்றுகிறவன். கடன் கொடுத்தவர் வழக்குப் போட்டு ஜெயித்து, அதற்குப் பிறகும் பணம் வரவில்லை என்றால், கடன் வாங்கியவரின் சொத்தை எடுக்க வாரண்டோடு நான் போவேன். இதில் வெளியார் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. நான் தனியாகப் போக முடியாது. வீடு இதுதான், சாமான் இதுதான் என்று அடையாளம் காட்டக் கடன் கொடுத்தவர் கூட வரவேண்டும். பஸ்ஸில் ஏறும்போது அவர் குரல் ஓங்கி இருக்கும். ஊர் நெருங்க நெருங்கக் குறையும். தெருமுனையில் அறவே நின்றுவிடும். கதவைத் தட்டுகிற நேரத்தில் வாங்கியவர் முகத்தைவிடக் கொடுத்தவர் முகம்தான் அதிகம் வெளுத்திருக்கும். என் சர்வீஸ் முழுக்க நான் பார்த்தது இது.

இப்போது அமீனாவாக இருக்கும் தம்பி ஒருவர் சில நாட்களுக்கு முன் என்னைப் பார்க்க வந்திருந்தார். இந்தக் காலத்தில் எல்லாம் செக் வழக்குதான், வாரண்டை எடுத்துக்கொண்டு வெளியே போவது குறைந்துவிட்டது என்றார். உங்கள் காலத்து ஜப்தி ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டார். அவரிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அறுபதுகளின் நடுவில் உத்தமபாளையம் முன்சீப் கோர்ட்டில் சம்மன் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையில் சேர்ந்தேன். சைக்கிளும் காக்கிப் பையுமாகச் சில வருஷம் சுற்றினேன். கம்பம் பள்ளத்தாக்கில் எந்த ஊரில் எந்த வீட்டு நாய் கடிக்கும் என்பது வரை தெரிந்த பிறகு அமீனாவாக உயர்த்தினார்கள். எங்களுக்கு மேலே இருந்தவர் நாசர். அதாவது சம்மன், வாரண்டு எல்லாவற்றையும் யாரிடம் கொடுப்பது, எப்போது போவது என்று பிரித்துக் கொடுத்து, திரும்பி வந்ததும் கணக்குக் கேட்கிற அதிகாரி. நான் வேலை கற்றது அவரிடம்தான். தேவசகாயம் என்று பெயர்.

அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. முழுக்கைச் சட்டையின் பொத்தானை வெயில் காலத்திலும் கழற்றமாட்டார். காலையில் எங்களை வரிசையாக நிறுத்தி, எதை எடுக்கலாம் என்று கேட்கமாட்டார். எதை எடுக்கக்கூடாது என்றுதான் கேட்பார். உடுத்திய துணி, படுக்கை, சமையல் பாத்திரம், தாலி, உழவனின் மாடும் கலப்பையும், தொழிலாளியின் கருவி என்று நாங்கள் ஒப்பிக்க வேண்டும். பொழுது இறங்கிய பிறகு எந்த வீட்டுக்குள்ளும் கால் வைக்கக்கூடாது. உள்ளே பெண்கள் இருந்தால் அவர்கள் ஒதுங்க நேரம் கொடுக்க வேண்டும். வேலை முடித்துத் திரும்பினால் அவர் முதலில் கேட்பது, "அந்த வீட்டுல இன்னைக்கு உல வச்சாகளா?" என்பதுதான். பணம் எவ்வளவு வந்தது என்பது அதற்குப் பிறகுதான்.

வாரண்டு நிறைவேற்றப் போகிற செலவுக்குப் படிப்பணம் கட்ட வருகிறவர்களை உடனே அனுப்பமாட்டார். பெஞ்சில் உட்காரச் சொல்லி, ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்து, நேரம் போக்குவார். "இன்னொரு வாட்டி பேசிப் பாக்குறீகளா?" என்பார். சிலர் அந்தப் பெஞ்சிலிருந்தே எழுந்து ஊருக்குப் போய், பேசி முடித்துக்கொண்டதும் உண்டு. எனக்கு அப்போது அது வீண் வேலையாகத் தோன்றியது. பிறகு தோன்றவில்லை.

கடன் கொடுத்தவர்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் ஏமாற்றுக்காரனால் அல்ல, கூச்சத்தால். மார்க்கையன்கோட்டையில் அடுத்தடுத்த தோட்டக்காரர்கள் இருவர். கிணறுகூடப் பொது. ஒருவர் மற்றவருக்குப் புரோநோட்டின் பேரில் பணம் கொடுத்தார். தினமும் முகத்தில் விழிக்கிற ஆளிடம் எப்படிக் கேட்பது என்று பேசாமல் இருந்தார். மூன்று வருஷத்துக்குள் வட்டியோ அசலோ கொஞ்சமாவது வாங்கி, நோட்டின் பின்னால் வரவு எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். இல்லையென்றால் அந்த நோட்டு வெறும் தாள். கெடு தாண்டிய பிறகுதான் அவருக்கு வீரம் வந்தது. சம்மன் கொண்டுபோனவன் நான். கூண்டில் ஏறிய பிரதிவாதி அமைதியாகச் சொன்னார். "அண்ணன் ஒரு நாளும் கேக்கலைங்கய்யா. சும்மா குடுத்தாருன்னுல்ல நெனச்சேன்." வழக்குத் தள்ளுபடி. அதற்குப் பிறகு அந்தக் கிணற்றில் ஆளுக்கொரு பக்கம் தனித்தனி மோட்டார் ஓடியது.

நான் சொல்ல வந்தது எழுபதுகளின் பிற்பகுதியில் நடந்தது.

அனுமந்தன்பட்டிக்காரர் பெருமாள், கம்பத்துக்கும் தேனிக்கும் ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். ராயப்பன்பட்டி சவரிமுத்து அந்த பஸ்ஸில் அடிக்கடி போய்வருகிற விவசாயி. பழக்கம் அவ்வளவுதான். சொந்தமில்லை, ஒரே ஊருமில்லை. சவரிமுத்து திராட்சைப் பந்தல் போட ஆசைப்பட்டார். கல்தூணுக்கும் கம்பிக்கும் பணம் வேண்டியிருந்தது. பெருமாளிடம், பங்கு நிலத்தை விற்று மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த ஐயாயிரம் ரூபாய் இருந்தது. அதை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

"எத நம்பிக் கொடுத்தீக?" என்று பின்னால் ஒருமுறை கேட்டேன்.

"கூட்டம் எவ்வளவு இருந்தாலும் நான் கேக்குறதுக்கு முன்னாடி டிக்கெட்டுக்குக் காச நீட்டுற ஆளு சார் அவரு" என்றார்.

கடன் கொடுத்த எல்லாரிடமும் இப்படி ஒரு காரணம் இருக்கும். அது பொய்யாகவும் இருக்காது. சவரிமுத்து நாணயமானவர்தான். ஆனால் மழைக்கு நாணயம் தெரியாதே. முதல் இரண்டு வெட்டில் பழம் நன்றாக வந்தது, வட்டியும் வந்தது. அடுத்து, காய் திரளுகிற நேரத்தில் விடாமல் பெய்தது. செவட்டை நோய் விழுந்து கொத்துக் கொத்தாக அழுகியது. பந்தலைக் காப்பாற்ற உரத்துக்கும் மருந்துக்கும் சின்னமனூர்க் கமிஷன் கடைக்காரர் வேலுச்சாமியிடம் கை நீட்டினார். அதோடு அவர் கை கட்டப்பட்டுவிட்டது. பழம் முழுக்க வேலுச்சாமிக்குத்தான் போக வேண்டும், அவர் வைத்ததுதான் விலை. எடையில் கழிவு, பெட்டிக்கு வாடகை, தரகு என்று பிடித்தது போக, கடன் அப்படியே நிற்கும்.

பெருமாள் இரண்டு தடவைதான் கேட்டார். மாப்பிள்ளை வீட்டார், தை மாதம் தாண்டினால் வேறு இடம் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார்கள். கெடு முடியும் முன்பே வக்கீலைப் பார்த்து வழக்குப் போட்டார். சவரிமுத்து வக்கீல் வைக்கவில்லை. "வாங்குனது நெசம். கையெழுத்தும் என்னுதுதான். குடுக்கத்தான் கையில இல்ல" என்று முன்சீப்பிடம் சொல்லிவிட்டு நின்றார். வழக்கு முடிய அதிக நேரம் ஆகவில்லை. பெருமாள் ஜெயித்துவிட்டார். ஆனால் ஜெயித்தவரின் கையில் இருந்தது தீர்ப்பு நகல்தான், பணம் இல்லை.

மார்கழி தொடங்கியதும் அவர் வாரண்டு கேட்டு வந்தார். நாசர் வழக்கம்போலப் பெஞ்சில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

"பேசிப் பாத்தீகளா?"

"பாத்தாச்சுங்கய்யா. புதன்கிழமை போகணும். வேற நாளு வேணாம்."

"ஏன் புதன்கிழம?"

"அன்னைக்கு அவுக தோட்டத்துல பழம் வெட்டுறாக."

நாசர் கண்ணாடிக்கு மேலாக அவரைச் சற்று நேரம் பார்த்தார். வாரண்டில் என் பெயரை எழுதினார்.

புதன்கிழமை காலை ராயப்பன்பட்டியில் இறங்கித் தோட்டத்துக்கு நடந்தோம். பெருமாள் எனக்கு நாலடி பின்னாலேயே வந்தார். பந்தலுக்குள் நுழைந்தால் தலைக்கு மேலே கறுப்புக் கறுப்பாகப் பன்னீர் திராட்சை. ஓரத்துக் கொட்டகையில் பெண்கள் பழத்தைப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். சவரிமுத்து எங்களைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். பெருமாளை அவர் பார்க்கவில்லை, பெருமாளும் அவரைப் பார்க்கவில்லை. அவருடைய மனைவி ஆரோக்கியம்தான் முன்னால் வந்தார்.

"வாங்கய்யா. உங்களத்தான் எதிர்பாத்துக்கிட்டு இருக்கோம்."

என் சர்வீஸில் ஒரு வீட்டிலும் கேட்காத வார்த்தை அது. ஏசுவார்கள், அழுவார்கள், கதவைச் சாத்துவார்கள். வரவேற்றவர்கள் யாரும் கிடையாது. இதில் ஏதோ இருக்கிறது என்று நினைத்தேன்.

"நாங்க வர்றது உங்களுக்கு எப்படித் தெரியும்மா?"

"நான்தான பெருமாள் அண்ணனுக்கு ஆளுவிட்டு, புதன்கிழம அமீனாவக் கூட்டியாங்கன்னு சொன்னேன்."

சவரிமுத்து தரையைப் பார்த்தபடி சொன்னார். "எனக்கே நேத்துத்தான்யா சொன்னா."

ஆரோக்கியம் விளக்கிச் சொன்னார். "இந்தப் பழத்த நாங்களா வெளிய வித்தா ஒருத்தரும் வாங்க மாட்டாக. வேலுச்சாமி முதலாளி பேரச் சொன்னா லாரிக்காரன்கூட அங்கன வண்டிய நிறுத்த மாட்டான். கோர்ட்டு வித்தா வாங்குவாக. போன வருசம் பக்கத்துத் தோட்டத்துக்கு வந்து வெங்காயத்த அங்கனயே ஏலம் விட்டீகல்ல, நான் வரப்புல நின்னு பாத்தேன். அண்ணன் வீட்டுலயும் ஒரு பொண்ணு நிக்கிது. பழம் போயித்தான் ஆகணும். மொற கெட்டவனுக்குப் போறதுக்குப் பதிலா மொறையா ஜெயிச்சவகளுக்குப் போகட்டுமே."

அவர் சொன்னது சட்டப்படி சரிதான். ஜப்தி செய்த சாமானை எடுத்துப்போய், அறிவிப்புக் கொடுத்து, நாள் குறித்து ஏலம் விடுவதுதான் முறை. ஆனால் அழுகக்கூடிய பொருளாக இருந்தால் அமீனா அங்கேயே விற்கலாம். கொடியில் தொங்குகிற பழத்துக்கு வேறு விதி. வெட்டி வைத்த பழத்துக்கு இந்த விதி. அதனால்தான் புதன்கிழமை.

வாரண்டைச் சத்தமாகப் படித்தேன். பணம் கட்டுகிறீர்களா என்று முறைப்படி கேட்டேன். இல்லை என்றார் சவரிமுத்து. மாதா கோயில் உபதேசியாரையும் ஊர்த் தலையாரியையும் சாட்சிக்கு வைத்துக்கொண்டு பழத்தை எடை போட்டு எழுதத் தொடங்கினேன். ஏலத்துக்குத் தண்டோரா போடவும் ஆள் அனுப்பினேன். தண்டோராச் சத்தம் தெருவில் கேட்கிறபோதே வேலுச்சாமியின் லாரி வந்து நின்றது. முன் சீட்டிலிருந்து அவரே இறங்கினார். வெள்ளை வேட்டி, இடுப்பில் பச்சை பெல்ட்.

"யாரு பழத்துல யாரு கை வைக்கிறது? இது என் சரக்கு."

"விலைக்கு வாங்கிட்டீகளா?"

"முன்பணம் குடுத்திருக்கேன். இந்தப் பந்தலே என் காசுல நிக்கிது."

"அதுக்குப் பத்திரம், நோட்டு ஏதாச்சும் இருக்கா?"

"எனக்கு எதுக்குய்யா நோட்டு? இந்தப் பக்கத்துல எவன் என்னய ஏமாத்திப்புடுவான்?" என்று சிரித்தார். பிறகு பெட்டியைக் காலால் தட்டிக் காட்டினார். "இந்தா பாருங்க. என் மார்க்கு போட்ட பெட்டி."

"பெட்டி உங்களுதுதான். எடுத்துக்கிட்டுப் போங்க. பழத்துல மார்க்கு இல்லையே."

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. ஆரோக்கியம் பெண்களைப் பார்த்து, "ஆத்தா, எல மேல எடுத்து வைங்க. நசுங்காம" என்றார். அவர்கள் வாழை இலைகளை விரித்து, கொத்துக் கொத்தாகப் பழத்தை எடுத்து வைத்தார்கள். காலிப் பெட்டிகளை லாரியோரம் அடுக்கினார்கள். வேலுச்சாமியின் ஆட்கள் இருவர் என் பக்கம் நகர்ந்தார்கள். தலையாரி ஒரு கனைப்புக் கனைத்தார். அவர்கள் நின்றுகொண்டார்கள். எனக்குப் பயமில்லை என்று சொன்னால் பொய். ஆனால் கையில் இருந்தது கோர்ட்டு முத்திரை போட்ட தாள்.

ஏலம் தொடங்கியது. குமுளி வழியாகக் கேரளத்துக்குப் பழம் கொண்டுபோகிற சாக்கோ என்ற வியாபாரி பக்கத்துத் தோட்டத்தில் லாரி ஏற்றிக்கொண்டிருந்தவர், தண்டோரா கேட்டு வந்திருந்தார். ஒரு பழத்தை வாயில் போட்டுவிட்டு, "கொள்ளாம்" என்று மலையாளத்தில் மெச்சினார். கிலோ ஒரு ரூபாய் என்று ஆரம்பித்தார். வேலுச்சாமி அதுவரை சவரிமுத்துவுக்குக் கொடுத்துவந்தது முக்கால் ரூபாய், அதிலும் கழிவு.

வேலுச்சாமி சுற்றிலும் பார்த்தார். ஊரே நின்றிருந்தது. தன் சரக்கு என்று சொன்ன பழத்தை இன்னொருவர் லாரி ஏற்றிப்போவதை அவரால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. "ஒண்ணேகால்" என்றார். சாக்கோ நிதானமாக ஒன்றரை என்றார். அப்புறம் அது பழத்துக்கான ஏலமாக இல்லை, மீசைக்கான ஏலமாகிவிட்டது. இரண்டு ரூபாயைத் தாண்டியதும் சாக்கோ கையை விரித்துக்கொண்டு நகர்ந்தார். மூன்று தரம் சொல்லி வேலுச்சாமி பெயரில் முடித்தேன். அவர் பெல்ட்டிலிருந்த பணம் போதாமல் லாரியை அனுப்பிக் கடையிலிருந்து வரவழைத்துக் கட்டினார். இலையில் வைத்த பழம் திரும்பவும் அவர் பெட்டிக்குள்ளேயே போயிற்று. பெருமாளுக்கு வரவேண்டிய தொகையில் முக்கால் பங்குக்கு மேல் அன்றே கோர்ட்டுக்கு வந்து சேர்ந்தது.

லாரி ஏறும்போது வேலுச்சாமி என்னைப் பார்த்துச் சொன்னார். "ஒன் வேலைக்கு வழி பண்றேன்."

பண்ணத்தான் பார்த்தார். அமீனா கடன்காரியோடு கூட்டுச் சேர்ந்து தன் சரக்கைத் தனக்கே விற்றுவிட்டான் என்று முன்சீப்பிடம் மனுப் போட்டார். எனக்கு அப்போது இரண்டு பிள்ளைகள், வாடகை வீடு. நாசர் என்னை அழைத்து எதிரே நிறுத்தினார்.

"பழம் வெட்டியிருந்துச்சா, கொடியில இருந்துச்சா?"

"வெட்டியிருந்துச்சுங்கய்யா."

"தண்டோரா?"

"போட்டாச்சுங்கய்யா. சாட்சி ரெண்டு பேரு."

"பொழுதோட முடிஞ்சுதா?"

"மதியத்துக்குள்ள முடிஞ்சுதுங்கய்யா."

"உல வச்சாகளா?"

"வச்சாகய்யா. எங்களையும் சாப்பிடச் சொன்னாக. நாங்க சாப்பிடல."

கொஞ்சம் தயங்கி, அந்த அம்மா ஆள் விட்டுச் சொன்ன விஷயத்தையும் சொன்னேன். மறைத்துவைக்க எனக்கு விருப்பமில்லை. நாசர் பேனாவை மூடி வைத்தார். "கடன்பட்ட பொம்பள, கடனத் தீக்க வழி காட்டியிருக்கா. அதுல குத்தம் என்ன இருக்கு? நீ போயி வேலையப் பாரு" என்றார்.

மனு விசாரணையில் முன்சீப் வேலுச்சாமியை இரண்டு கேள்விதான் கேட்டார். முன்பணம் கொடுத்ததற்கு அத்தாட்சி உண்டா? "எல்லாம் வாய்ப்பேச்சுதாங்க. நம்பிக்கை." சரி, ஏலத்தில் பழத்தை எடுத்தது யார்? "நான்தாங்க." உம்முடைய சரக்கு என்றால் நீரே ஏன் ஐயா ஏலம் கேட்டீர்?

மனு அன்றே தள்ளுபடியானது. பள்ளத்தாக்கு முழுக்கக் கடன் கொடுத்து வைத்திருந்த வேலுச்சாமி, எல்லாரும் தனக்குப் பயப்படுவதையே பத்திரமாக நினைத்திருந்தார். அது கோர்ட்டில் செல்லவில்லை. ஆனாலும் சவரிமுத்து அவருக்கு இல்லை என்று சொல்லவில்லை. வாங்கியது இவ்வளவு என்று ஒத்துக்கொண்டு, அடுத்தடுத்த வெட்டுகளில் சந்தை விலைக்குப் பழம் போட்டுக் கழித்தார்.

பெருமாள் மகள் கல்யாணம் தை பிறந்ததும் நடந்தது. சவரிமுத்து வீட்டுக்குப் பத்திரிகை போகவில்லை.

மீதிப் பணத்தைச் சவரிமுத்து தவணை தவணையாகக் கோர்ட்டிலேயே கட்டினார். கடைசித் தவணை கட்டிய அன்று, கணக்குத் தீர்ந்தது என்று கையெழுத்துப் போடப் பெருமாளும் வந்திருந்தார். ஆரோக்கியமும் புருஷனோடு வந்திருந்தார். எல்லாம் முடிந்து வாசலுக்கு வந்தார்கள்.

"வாங்கண்ணே, ஒரு காப்பி சாப்பிடுவோம்" என்றார் சவரிமுத்து.

"நீங்க போங்க. எனக்கு வண்டிக்கு நேரமாச்சு." பெருமாள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் சொன்னார். "பணம் வந்துருச்சு சார். ஆனா இவரு தோட்டத்துல ஜப்திக்காரனா போயி நின்னேன் பாருங்க, அது கண்ணுக்குள்ளயே நிக்கிது."

அது ஆரோக்கியத்தின் காதில் விழுந்துவிட்டது. "அண்ணே, நீங்களா வந்தீக? நான் கூப்புட்டுல்ல வந்தீக. கூப்புட்ட வீட்டுக்கு வந்ததுக்கு எதுக்கு வெசனப்படுறீக?" என்றார்.

பெருமாள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போகவில்லை. எதிரே இருந்த காப்பிக்கடைக்கு நால்வரும் போனோம். உட்கார்ந்து குடித்தோம். மகளுக்குக் குழந்தை பிறக்கப்போகிறது என்று பெருமாள் சொன்னார். எந்த மாதம் என்று ஆரோக்கியம் கேட்டார்.

எழுந்திருக்கும்போது தகராறு வந்தது. பெருமாள் சட்டைப்பைக்குள் கையை விட்டார். "நான் குடுக்குறேண்ணே" என்று சவரிமுத்து அவர் கையைப் பிடித்தார். "இல்ல, நான்தான்" என்று பெருமாள் உதறினார். கடைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வழக்காடிகள் காசில் நான் காப்பி குடிப்பதில்லை. அதோடு, அந்த இரண்டு பேரில் ஒருவர் மற்றவருக்கு இனி ஒரு காப்பிக்குக்கூடக் கடன்படக்கூடாது என்று எனக்குத் தோன்றியது. நாலு காப்பிக்கும் நானே கொடுத்தேன்.